சுவரில் ஒரு காட்டு மனிதன்: முதல் முறை செய்பவர்களுக்கு

காட்டு மனிதனின் முகத்தைச் செய்யலாம் என்று களிமண்ணோடு உட்காருபவர்களில் பாதிப்பேர் அரை மணி நேரத்தில் ஒரு பேயைச் செய்துவிடுகிறார்கள். புருவம் நெரிகிறது, வாய் பிளக்கிறது, இரண்டு கோரைப்பல்லும் வந்துவிடுகிறது. முடித்துச் சுவரில் மாட்டினால் முதல் வாரம் எல்லோரும் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு கண்ணிலேயே படாது, ஏனென்றால் அந்த முகத்தில் பயமுறுத்துவதைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் காட்டு மனிதன் அப்படிப்பட்டவன் இல்லை. இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் பகுதியில் வால்தெல்லினா என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே சாக்கோ என்ற சிறிய ஊரில், ஒரு பழைய வீட்டின் உள்சுவரில் 1464-இல் தீட்டிய காட்டு மனிதன் இன்றும் நிற்கிறான். உடம்பெல்லாம் ரோமம், நீண்ட தாடி, கையில் தடி. பக்கத்தில் எழுதியிருப்பதன் பொருள் ஏறக்குறைய இது: "நான் இயல்பிலேயே காட்டு மனிதன், என்னைச் சீண்டுபவனுக்குப் பயம் காட்டுவேன்." சீண்டுபவனுக்கு மட்டும். மற்றவர்களை அவன் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அந்தப் பார்வையைக் களிமண்ணில் கொண்டுவருவதற்குத்தான் இந்த வழிகாட்டி. முடி, தாடி, பாசி, இலை எல்லாம் பிறகு வரும், அவை எளிது. கண்குழிதான் கடினம்.

முதலில் யாரைச் செய்யப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

காட்டு மக்கள் என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொருவர் உண்டு, முகமும் அதற்கேற்ப மாறும். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையே பாஸ்க் மக்கள் சொல்லும் பசஜவுன் உயரமானவன், உடல் முழுக்க முடி, ஆட்டு மந்தைகளுக்குக் காவல். புயல் வருவதற்கு முன் மலையிலிருந்து குரல் கொடுத்து இடையர்களை எச்சரிப்பான் என்பார்கள். அவனைச் செய்தால் அகன்ற முகம், அமைதியான வாய். ரஷ்யக் காடுகளின் லேஷி வேறு மாதிரி: நடுக்காட்டில் மரத்தளவு உயர்வான், காட்டின் ஓரத்துக்கு வந்தால் புல்லளவு சிறுத்துவிடுவான், வழிப்போக்கர்களைச் சுற்றவிட்டு வழி தவறச் செய்வான். அவனுக்கு மரப்பட்டைத் தோல், பச்சைக் கண்.

ஜெர்மன் பகுதிக் கதைகளில் வரும் பாசி மக்கள் சிறிய உருவத்தினர், நரைத்தவர்கள், உடம்பெல்லாம் பாசி. 'காட்டு வேட்டை' எனப்படும் ஆவிக் கூட்டம் ஒன்று அவர்களைத் துரத்திக்கொண்டே இருக்கும். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் விறகுவெட்டிகள் மூன்று சிலுவைகளைச் செதுக்கிவிட்டால் அதன்மேல் உட்கார்ந்து தப்பித்துக்கொள்வார்களாம். எனக்கு இவர்கள்மேல் தனிப் பிரியம் உண்டு, பயந்த முகம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தோன்றினால் இவர்களிடம் போங்கள். ஸ்வீடனின் காட்டில் வாழும் ஸ்கூக்ஸ்ரோ ஒரு பெண். முன்பக்கம் அழகி, முதுகுப்பக்கம் உளுத்த மரம் போலக் குடைந்திருக்கும். சுவரில் தொங்கும் சிற்பத்துக்கு முதுகு இல்லாததால் அவளுக்கு இந்த வடிவம் இயல்பாகவே பொருந்துகிறது.

இங்கிலாந்தில் காட்டு மனிதனுக்கு வுட்வோஸ் என்று பெயர். சஃபோக் பகுதித் தேவாலயங்களில் தடியோடு நிற்கும் கல் உருவங்களாகப் பார்க்கலாம். இவனையும் 'பச்சை மனிதன்' என்ற இலைமுகத்தையும் பலரும் ஒன்றாக நினைக்கிறார்கள். இலைமுகம் என்பது வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் கொடி கிளம்பும் தேவாலயச் செதுக்கல், அதற்கு அந்தப் பெயர் 1939-இல் ராக்லன் சீமாட்டி எழுதிய ஒரு கட்டுரை மூலமாகத்தான் பரவியது. செதுக்கல்கள் பல நூற்றாண்டு பழையவை, பெயர்தான் புதிது. காட்டு மனிதனுக்கு முடி, பச்சை மனிதனுக்கு இலை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை, ஆனால் எதைக் கலக்கிறோம் என்று தெரிந்து கலந்தால் நல்லது.

முதல் முறைக்கு என் பரிந்துரை வுட்வோஸ் அல்லது லேஷி. தாடியும் முடியும் முகத்தின் ஓரங்களை மூடிவிடுவதால் காது, தாடை, கழுத்து இவற்றோடு போராட வேண்டியதில்லை. இடைக்கால ஓவியர்கள் காட்டு மனிதனின் உடம்பை முடியால் நிரப்பினாலும் முகத்தை மட்டும் வெறுமையாக விடுவார்கள், கை, பாதம், முழங்கால், முழங்கை ஆகிய இடங்களையும் அப்படியே. நாமும் நெற்றி, மூக்கு, கன்னத்தின் மேல்பகுதி மூன்றையும் திறந்து வைப்போம்.

சுவரைப் பார்க்காமல் களிமண்ணைத் தொடாதீர்கள்

நாம் செய்யப்போவது புடைப்புச் சிற்பம், அதாவது தட்டையான பலகையிலிருந்து முன்னே எழும்பி நிற்கும் உருவம். அது நிழலால் ஆனது. மாட்டப்போகும் சுவரில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று முதலில் பாருங்கள். பக்கவாட்டு ஜன்னலா, மேலே விளக்கா, நேரெதிரே விளக்கா? நேரெதிரே என்றால் நிழலே விழாது, எவ்வளவு அழகாகச் செய்தாலும் தட்டையாகத் தெரியும், வேறு சுவரைத் தேடுங்கள். வேலை செய்யும்போதும் மேசை விளக்கை அதே கோணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் குழல்விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு செய்த முகம் சுவருக்குப் போனதும் வேறு ஆளாக மாறிவிடும், எனக்கு இரண்டு தடவை அப்படி ஆன பிறகுதான் விளக்கைப் பற்றி யோசிக்கவே ஆரம்பித்தேன்.

என்னென்ன வேண்டும்

சூளை தேவையில்லாத, காற்றில் உலரும் களிமண்ணை எடுத்துக்கொள்வோம். 25 செ.மீ. உயரம், 18 செ.மீ. அகலமுள்ள முகத்துக்கு ஒன்றரைக் கிலோ போதும். இதைவிடச் சிறிதாகச் செய்தால் எளிதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், சின்ன முகத்தில் கண்ணிமை செய்வதற்கு விரல் பழகியிருக்க வேண்டும்.

அப்புறம் 9 முதல் 12 மி.மீ. தடிமனுள்ள பிளைவுட் பலகை. மெல்லிய பலகை வேண்டவே வேண்டாம், ஈரக் களிமண் உலரும்போது அதை வளைத்துவிடும். வெள்ளைப் பசை, பழைய செய்தித்தாள், அலுமினியத் தாள், மெல்லிய கம்பி, பத்துப் பன்னிரண்டு சின்ன ஸ்க்ரூ, 16 மி.மீ. கண்ணாடிக் கோலிகுண்டு இரண்டு, டாய்லெட் பேப்பர், அக்ரிலிக் வண்ணம், பளபளப்பில்லாத வார்னிஷ். கருவி என்று தனியாக வாங்க வேண்டியதில்லை. ஒரு டீஸ்பூன், ஒரு மூங்கில் குச்சி, பழைய டூத்பிரஷ், சின்னக் கத்தி, இவற்றை வைத்தே முழுவதையும் முடிக்கலாம்.

பலகை

பிளைவுட்டை முட்டை வடிவில், முகத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு செ.மீ. உள்ளே தள்ளி வெட்டுங்கள். முடிந்த பிறகு பலகை வெளியே தெரியாமல் இருப்பதற்காக இது. வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து இரண்டு பக்கமும் ஓரங்களிலும் இரண்டு கோட்டிங் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை அந்த வேறுபாட்டாலேயே வளையும்.

மாட்டும் வளையங்களை இப்போதே பின்பக்கம் பொருத்திவிடுங்கள், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், இடமும் வலமுமாக ஒவ்வொன்று. முகம் காய்ந்த பிறகு பின்னால் ஸ்க்ரூ முடுக்கினால் அந்த அதிர்விலேயே முன்பக்கம் விரிசல் விடும். முன்பக்கத்தில் சின்ன ஸ்க்ரூக்களைப் பாதி உயரம் மட்டும் முடுக்கி, அவற்றுக்கு இடையே கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். களிமண் பிடித்துக்கொள்ள அதுதான் வேர். வெறும் பசையை நம்பி ஒட்டியது சில மாதங்களில் மொத்தமாகக் கழன்று வரலாம்.

உள்கூடு

செய்தித்தாளைக் கசக்கி, அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றி இறுக்கி, முகத்தின் அடிப்படை மேட்டை உருவாக்குங்கள். நடுவில் 5 செ.மீ. உயரம், ஓரத்துக்குப் போகப் போகத் தாழ வேண்டும். மூக்கு இருக்கும் இடத்தில் ஒரு முகடு, கண்கள் இருக்கும் இடத்தில் இரண்டு பள்ளம். இந்தப் பள்ளத்தைக் கூட்டிலேயே ஆழமாக அழுத்திவிடுவது முக்கியம். கூடு தட்டையாக இருந்தால் பிறகு களிமண்ணில் எவ்வளவு தோண்டினாலும் அடியில் அலுமினியத் தாள் எட்டிப் பார்க்குமே தவிர ஆழம் கிடைக்காது. கட்டை விரலின் முதல் மூட்டு வரை உள்ளே போகிற அளவு அழுத்துங்கள். அளவுக்கு மீறித் தெரியும், பரவாயில்லை, மேலே களிமண் வரும்போது பாதி நிரம்பிவிடும். கூட்டைப் பலகைமேல் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

களிமண்ணைப் பக்குவப்படுத்துவது

காற்றில் உலரும் களிமண் காயும்போது சுருங்கும், உள்ளே இருக்கும் கூடு சுருங்காது, அதனால் மேல்தோல் இழுபட்டு வெடிக்கும். இதை முழுமையாகத் தடுக்க முடியாது, நன்றாகக் குறைக்கலாம். டாய்லெட் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, இறுகப் பிழிந்து, களிமண்ணில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள், கூடவே ஒரு ஸ்பூன் வெள்ளைப் பசை. காகித இழைகள் களிமண்ணுக்குள் நார் போலப் பின்னிக்கொண்டு விரிசலை ஓடவிடாமல் பிடிக்கும். மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக வரும், மரப்பட்டைத் தோலுக்கு அதுதானே வேண்டும்.

முதல் அடுக்கு 6 அல்லது 7 மி.மீ. தடிமனில், கூடு முழுவதையும் மூடி, கம்பிக்குள் அழுத்தித் திணித்து, ஓரங்களில் பலகையைச் சுற்றிக் கொஞ்சம் மடித்து. மேற்பரப்பை டூத்பிரஷால் கீறிவிட்டு ஒரு நாள் விடுங்கள். வெடிக்கட்டும், அடுத்த அடுக்கு அதை மூடும். மெல்லிய அடுக்குகளாகப் போடுவதன் லாபமே அதுதான்.

கண்கள்

இந்த வேலைக்கு மட்டும் ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள். ஒரே இடத்தில் அவசரப்படாமல் இருக்க வேண்டும் என்றால் அது இங்கேதான்.

முதல் அடுக்கின் பள்ளங்களை ஈரமாக்கி, களிமண் கூழ் தடவி, கோலிகுண்டுகளை உள்ளே அழுத்துங்கள். பாதிக்கு மேல் புதைய வேண்டும். பக்கவாட்டில் இருந்து பாருங்கள்: புருவ எலும்பு வரும் இடத்தைவிடக் கண் நன்றாக உள்ளே இருக்க வேண்டும், குறைந்தது ஒன்றரை செ.மீ. இரண்டும் ஒரே ஆழத்தில் இருக்கிறதா என்று பலகையைத் தூக்கிக் கண் மட்டத்தில் வைத்துக் கீழிருந்து பாருங்கள், மேலிருந்து பார்த்தால் ஏமாற்றும்.

இமைக்குப் பென்சில் தடிமனில் களிமண் திரிகள் உருட்டுங்கள். கீழ் இமை முதலில், பிறகு மேல் இமை. மேல் இமை வெளி ஓரத்தில் கீழ் இமையின்மேல் லேசாக ஏறி உட்கார வேண்டும், உண்மையான கண்ணும் அப்படித்தான். இப்போது முக்கியமான முடிவு: மேல் இமையை எவ்வளவு இறக்குவது? கோலிகுண்டு முழுசாகத் தெரிந்தால் அவன் திடுக்கிட்டவன் போல இருப்பான். மூன்றில் ஒரு பங்கு மறைந்தால் கவனிக்கிறான். பாதி மறைந்தால் களைப்பு. நான் எப்போதும் மூன்றில் ஒரு பங்கையே தேர்ந்தெடுக்கிறேன். சாக்கோ ஊர்க்காரன் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள், அவன் உங்களை இன்னும் கணித்து முடிக்கவில்லை, நீங்கள் சீண்டுபவரா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கீழ் இமைக்கு அடியில் டீஸ்பூன் முனையால் ஒரு தொய்வு. வெளி ஓரத்தில் இரண்டு மூன்று சுருக்கம், அதற்குமேல் வேண்டாம். புருவத்தைக் கனமான இரண்டு கட்டிகளாக வைத்து, மூக்குப் பக்கம் கீழே சாய்த்தால் கோபம் வந்துவிடும், வெளிப்பக்கம் சாயுங்கள். ஒரு விரல் அகலம் சாய்த்தாலே முகம் மாறும், சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு அறையின் மற்ற வெளிச்சத்தை அணைத்து இரண்டு மூன்று தடவை தள்ளி நின்று பாருங்கள். செல்போனில் படம் எடுத்து, படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் ஒரு கண் ஏறியிருப்பது உடனே தெரியும், மணிக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது தெரியாது.

மூக்கு, வாய்

மூக்கு பெரிதாக, சற்றே தட்டையாக, ஒரு மர முடிச்சுபோல. நடுவில் எங்கேயாவது லேசான வளைவு இருந்தால் வயது தெரியும். வாயை மூடியே வையுங்கள். தாடிக்குள் கீழ் உதடு மட்டும் எட்டிப் பார்த்தால் போதும், மேல் உதட்டை மீசை மூடிக்கொள்ளும். பல் வேண்டாம்.

முடியும் தாடியும்

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, களிமண்ணைப் புழுப் புழுவாக உருட்டி ஒவ்வொன்றாக ஒட்டுவது. அது முடியாகத் தெரியாது, நூடுல்ஸாகத்தான் தெரியும். முதலில் தாடி முழுவதையும் ஒரே திரளாக வையுங்கள். அதை ஆறேழு பெரிய கற்றைகளாகக் குச்சியால் பிரியுங்கள், ஆழமாக, நிழல் விழுகிற அளவுக்கு. ஒவ்வொரு கற்றையையும் சிலவாக உடையுங்கள், சமமாக வேண்டாம், ஒன்று தடியாக, ஒன்று மெலிந்து. கடைசியில்தான் கத்தி நுனியால் மெல்லிய கோடுகள், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. கற்றைகள் கண்ணின் ஓரத்திலிருந்து கிளம்பிக் கீழே ஓடும்படி வைத்தால் பார்ப்பவர் பார்வை எங்கே போனாலும் திரும்பக் கண்ணுக்கே வரும்.

முடி எந்த இடத்தில் காடாக மாறுகிறது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குப் பிடித்தது, நெற்றியருகே முடியாக ஆரம்பித்து நுனியில் வேராகவோ கிளையாகவோ முடிவது. இலை வேண்டுமானால் உண்மையான இலையை எடுத்து, அதன் அடிப்பக்கத்தைக் களிமண் தகட்டில் அழுத்துங்கள். நரம்பு புடைத்திருப்பது அடிப்பக்கத்தில்தான், மேற்பக்கத்தை அழுத்தினால் மங்கலாகத்தான் பதியும். தோலுக்கு மரப்பட்டைத் துண்டு ஒன்றை லேசாக ஒற்றி எடுங்கள். கன்னத்திலும் நெற்றி ஓரத்திலும் போதும், கண்ணைச் சுற்றி ஒற்ற வேண்டாம், அங்கே தோல் மென்மையாக இருந்தால்தான் அவன் உயிருள்ளவன்.

காய வைப்பது

முதல் நாள் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடுங்கள். வெயில், மின்விசிறி, அடுப்பு எதுவும் கூடாது. ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும், தாடி தடிமனாக இருந்தால் இன்னும் கூட. உங்கள் கன்னத்தைச் சிற்பத்தின்மேல் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. விரிசல்களில் அதே களிமண்ணைப் பசையோடு குழைத்து அழுத்தி நிரப்பலாம். கண்ணருகே வந்த விரிசலை மட்டும் கண்டிப்பாக நிரப்புங்கள், நெற்றியில் வந்தது பட்டை வெடிப்புபோல இருந்தால் விட்டுவிடலாம்.

வண்ணம்

அடர்ந்த பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து முகம் முழுக்கத் தடவி, பள்ளங்களில் இறங்கவிட்டு, மேடுகளில் ஈரத்துணியால் துடையுங்கள். இது காய்ந்ததும் பிரஷில் வண்ணம் ஏறக்குறைய இல்லாத நிலையில் வெளிறிய பழுப்பை மேடுகளின்மேல் உரசுங்கள். இந்த இரண்டே வேலையில் முகம் எழுந்து நிற்கும். பாசிப் பச்சைக்குக் கடையில் கிடைக்கும் பச்சையைப் பிழியாதீர்கள், அது பிளாஸ்டிக் செடியின் பச்சை. கறுப்போடு மஞ்சள் காவியைக் கலந்து பாருங்கள், மழை பெய்து ஓய்ந்த மரத்தடியின் பச்சை அதில் வரும். மரப்பட்டையில் பாசிபோலப் படரும் லைக்கனின் திட்டுகளுக்குச் சாம்பல் கலந்த வெளிர் பச்சையை ஸ்பாஞ்சால் ஒற்றலாம். கோலிகுண்டின்மேல் பட்ட வண்ணத்தைக் கடைசியில் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். முகம் முழுக்க மங்கல் வார்னிஷ், கண் மட்டும் கண்ணாடியாக மின்னட்டும்.

புடைப்பான பாசி வேண்டும் என்றால் பதப்படுத்திய பாசியை ஒட்டலாம், இல்லையென்றால் மரத்தூளை வண்ணத்திலும் பசையிலும் புரட்டித் தடவலாம். ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டார்ஃப் ஊரில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை காட்டு மனிதர் நடனம் ஆடுபவர்கள் மரத்தில் தாடிபோலத் தொங்கும் லைக்கனால் ஆன உடையை அணிகிறார்கள், அதைப் பார்த்துவிட்டு உங்களுக்கும் ஆசை வரலாம். லைக்கன் மிக மிக மெதுவாக வளர்வது. மரத்திலிருந்து பிய்க்காதீர்கள், காற்றில் விழுந்ததை மட்டும் எடுங்கள்.

காய்ந்த பாசியும் லைக்கனும் நெருப்புக்கு நொடியில் இரையாகும். 1393 ஜனவரி 28 அன்று பாரிஸில் பிரெஞ்சு மன்னன் ஆறாம் சார்லஸும் ஐந்து பேரும் காட்டு மனிதர் வேடத்தில், பிசினும் சணல் நாரும் ஒட்டிய துணியை அணிந்து ஆடினார்கள். ஒரு தீப்பந்தத்திலிருந்து பொறி பற்றி நால்வர் மாண்டார்கள், மன்னன் மயிரிழையில் பிழைத்தான். எனவே இந்த முகத்துக்கு அடியில் மெழுகுவர்த்தியோ எண்ணெய் விளக்கோ வைக்கவே கூடாது, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

மாட்டுவது

இரண்டு கிலோவுக்குள் வரும், ஆனாலும் ஐந்து கிலோ தாங்கும் கொக்கிகளாக இரண்டு அடியுங்கள், ஒன்றே என்றால் முகம் சாய்ந்துகொண்டே இருக்கும். குளியலறை, வெளிச்சுவர் வேண்டாம், ஈரம் பட்டால் இந்தக் களிமண் இளகும். கண் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் வரும்படி வைத்தால் நிற்பவரை நேராகப் பார்ப்பான், உட்காரும் அறை என்றால் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்.

மாட்டிய அன்று மாலை, வெளிச்சம் சாயும் நேரத்தில் ஒருமுறை எதிரே நின்று பாருங்கள். கண் இரண்டும் புருவ நிழலில் மூழ்கிப்போனால் கலங்க வேண்டாம். மெல்லிய பிரஷால் கீழ் இமையின் விளிம்பில் மட்டும் வெளிறிய பழுப்பை ஒரு கோடு இழுத்துவிட்டு, காய்ந்ததும் மறுபடி அதே நேரத்தில் வந்து பாருங்கள்.